அறுபத்து மூன்றும் ஒன்பதும்

0.7 + 0.1 என்று தட்டி என்டரை அழுத்தினாள்.

0.7999999999999999 என்று வந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதேதான். கணினிக்கு வெட்கம் கிடையாது.

காலை பதினொரு மணி. பெண்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவு, அவள் வேலை பார்க்கும் இடம். ஜன்னலுக்கு வெளியே ஜெனோவா நின்றுகொண்டிருந்தாள். இரண்டாமாண்டு மாணவி, கைப்பந்து அணி. மூன்று நாளாக இதே ஜன்னல், இதே நிற்பு.

ஜெனோவாவுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. வருகை போதாதாம்.

தொண்ணூறு வேலை நாள். அறுபத்து மூன்று நாள் வகுப்புக்கு வந்திருக்கிறாள். போட்டிக்குப் போன ஒன்பது நாளுக்கு ஓ.டி. உண்டு, அதுவும் வந்ததாகவே கணக்கு. ஆக எழுபத்திரண்டு. எண்பது விழுக்காடு. பட்டியலிலும் 80.00 என்றுதான் அச்சாகியிருந்தது.

பக்கத்திலேயே ‘தகுதி இல்லை’.

நேற்று முன்தினம் தோழியின் ஹால் டிக்கெட்டையும் கொண்டுவந்து காட்டினாள் ஜெனோவா. தோழி எழுபத்திரண்டு நாளும் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தவள்.

“அவளுக்கும் எண்பது, எனக்கும் எண்பது. அவளுக்கு மட்டும் எப்படி மேடம் வந்துச்சு?”

சூப்பரின்டெண்டிடம் பதில் தயாராக இருந்தது.

“ஓ.டி. சேர்த்தா எண்பதைத் தாண்டணும்மா. அதுதான் ரூல்.”

அப்படி ஒரு விதியே இல்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் நேற்றே கல்லூரிக் கையேட்டை எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டாள். ‘எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல்.’ அவ்வளவுதான்.

நாலு வருடத்துக்கு முன்னால் கணினி முதன்முறையாக இப்படிச் சொன்னபோது, இந்த அறையில் யாரோ அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். காரணம் விதியாகிவிட்டது. இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு நாளன்றே அதை ஓதிவிடுகிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குக்குப் பூசையே நடந்துகொண்டிருந்தது.

வருகைக் கணக்குப் போடும் நிரலை எழுதியது அவள்தான்.

அன்று வகுப்பு நாளைத் தொண்ணூறால் வகுத்திருந்தாள். ஓ.டி. நாளைத் தனியாக வகுத்திருந்தாள். பிறகு இரண்டையும் கூட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அது சரி. கணினிக்குப் பத்தில் ஒன்றை முழுதாக எழுதத் தெரியாது. பத்தை மூன்றால் வகுக்கச் சொன்னால் நாமும் எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்துகிறோமே, அப்படித்தான் அதுவும். அந்தத் துளி குறைந்துவிட்டது. அச்சடிக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக 80.00 என்று திருத்திக்கொண்டது.

இப்போது நாட்களை முதலில் கூட்டினாள். கூட்டியதை வகுத்தாள். ஒரு வரி மாற்றம்.

அறுபத்து மூன்றும் ஒன்பதும் எழுபத்திரண்டு. 0.8.

தகுதி உண்டு.

ஹால் டிக்கெட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். ஜெனோவா தேங்க்ஸ் சொல்லக்கூட நிற்கவில்லை. வாங்கியதும் ஓடிவிட்டாள்.

எழுந்து போய் டீ குடித்திருக்கலாம்.

பழைய பட்டியல்களைத் திறந்தாள். நாலு வருடம், எட்டுப் பருவம். எல்லாவற்றையும் புதிய வரியில் ஓட்டினாள்.

மூன்று பெயர்.

சரியாக எண்பதில் வந்து நிற்பவள் யார்? விரல்விட்டு எண்ணி எண்ணி லீவு போட்டவள். அசட்டையாக இருந்தவள் எழுபதிலேயே நின்றுவிடுவாள். மாட்டிக்கொண்ட மூவருமே கணக்காக இருந்தவர்கள்.

இரண்டு பேர் அடுத்த வருடம் திரும்பி வந்து எழுதி முடித்திருந்தார்கள்.

மூன்றாவது பெயர் முத்துப்பேச்சி. எதிரே ‘டி.சி. பெற்றுச் சென்றார்’.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. வருகை குறைவு என்று கல்லூரி வீட்டுக்குக் கடிதம் போடும். ஆண்கள் கல்லூரியிலிருந்து பையன் வீட்டுக்குப் போனால் திட்டோடு முடியும். பெண்ணின் வீட்டுக்குப் போனால் வேறு மாதிரி. முத்துப்பேச்சியின் அப்பா இதே மேஜைக்கு முன்னால் நின்றார். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“காலேஜுக்குன்னு சொல்லிட்டு இவ எங்க போயிட்டு வந்தா?”

முத்துப்பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியது, நிரலை எழுதிய இவள்தான். ‘தகுதி இல்லை’ என்ற இடத்தை விரலால் தொட்டும் காட்டினாள்.

“மூணு வருஷம் ஆச்சு. இனி எதுக்கும்மா கிளறணும்?” என்றார் சூப்பரின்டெண்ட். கெட்ட மனிதர் இல்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.

அவள் பதிவேட்டிலிருந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தது பெண் குரல். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

“முத்துப்பேச்சி வீடா?”

“முத்துப்பேச்சிதான் பேசுதேன். யாரு?”

கல்லூரியின் பெயரைச் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள். மனதுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

“உனக்கு அன்னைக்கு எண்பது இருந்துச்சும்மா. வர வேண்டிய நாளெல்லாம் நீ வந்திருக்க. தப்பு நான் போட்ட கணக்குல. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். திரும்பச் சேர வழியிருக்கு, நான் எழுதிக் குடுக்கேன்.”

மிஷின் நின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“சேருறதெல்லாம் அப்புறம் மேடம். நீங்க லைன்லயே இருங்க.”

செருப்பு மாட்டாத கால்கள் வேகமாக நடக்கும் சத்தம். கதவொன்று திறந்தது.

“எப்பா, காலேஜ்ல இருந்து பேசுதாங்க. அன்னைக்கு எங்கிட்ட கேட்டியே, அத அவங்ககிட்ட கேளு.”

போன் கை மாறியது.

“யாரு?” என்றது அந்தக் குரல்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.