மூன்று ஓட்டைகள்

1991 நவம்பர் 18, திங்கட்கிழமை. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் எல்லப்பன் அன்று காலை மூன்றாவது முறையாகச் சட்டையைக் கழற்றினான்.

முதலில் கேட்டில் செக்யூரிட்டிக்கு. பிறகு சூப்பர்வைசருக்கு. இப்போது பர்சனல் ஆபீசர் நரசிம்மனுக்கு.

வலது தோளில் மூன்று தழும்புகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

“இதுவா ஆபரேஷன்? என் பொண்ணுக்குக் காது குத்தினப்பவே இதைவிடப் பெரிய ஓட்டையா போட்டாங்கய்யா.”

“உள்ள ஜவ்வு கிழிஞ்சிபோச்சி சார். ஓட்டை வழியா குழா வுட்டு, டிவில பாத்துக்கினே தச்சாங்க.”

“டிவியிலயா? நடுவுல கிரிக்கெட் ஓடலையா?”

டைப்பிஸ்ட் சிரித்தார்.

மெட்ராஸ் டாக்டரின் கடிதத்தை நரசிம்மன் இரண்டு முறை படித்தார். ஆங்கிலம் புரிந்தது. தையல் எங்கே என்பதுதான் புரியவில்லை.

மூன்று மாதத்துக்குத் தண்ணீர்ச் சொம்புக்கு மேல் கனம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். லைனில் எல்லப்பன் தூக்க வேண்டிய வார்ப்பு ஒவ்வொன்றும் இருபது கிலோ. தூக்கினால் தையல் விட்டுப்போகும். தோள் பழையபடி நழுவும்.

“நாளைக்கு லைன்ல நில்லு. நிக்கலேன்னா மெமோ வரும்.”

சட்டையை மறுபடி மாட்ட அவனுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அந்த ஐந்து நிமிடமும் நரசிம்மன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லப்பன் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புத்தூர்க் கட்டு போடுகிறவரிடம் போனான்.

அவர் தோளைத் தடவி, அழுத்தி, கையைத் தூக்கிப் பார்த்தார்.

“எலும்பு நல்லாத்தானே கீது நைனா?”

“கீது. நீ கட்டு.”

செவ்வாய்க்கிழமை காலை அவன் உள்ளே வந்தபோது நரசிம்மன் நாற்காலியை விட்டு எழுந்தார். தோளிலிருந்து முழங்கைவரை மூங்கில் பத்தை, சுற்றிச் சுற்றித் துணி, முட்டை நாற்றம்.

“அடப்பாவி! இவ்வளவு பெரிய அடின்னு நேத்தே சொல்லக் கூடாதா? உட்காருய்யா, உட்காரு.”

சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஆன தோளில் வேறு எந்த வைத்தியரையும் கை வைக்க விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லப்பன் அந்தத் தோளை யாரையும் தொட விடவில்லை.

பத்தரை மணிக்கு ஆர்டர் டைப் ஆகி வந்தது: ‘இடது தோள் அறுவைச் சிகிச்சை காரணமாக மூன்று மாதம் ஸ்டோர்ஸில் இலகு வேலை.’

‘வலது தோள்’ என்று எழுதியிருந்த டாக்டரின் கடிதத்தை அதோடு பின் செய்து ஃபைலில் வைத்தார்கள்.