சின்னக் கண் வலை

தேற்றாத்தீவில் வாவிக்கரையோர வீட்டு முற்றத்தில் வினாயகமூர்த்தி தன் மீன்வலையைக் கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டுகிறார். மறுமுனையைப் பிடித்தபடி மகள் ஆர்த்திகா நிற்கிறாள். நேற்றுக் கொழும்பில் இளம் ஆய்வாளர் விருது வாங்கிய அதே சேலை, இரவு பஸ்ஸில் வந்ததில் அவள் உடம்பில் கசங்கிக் கிடக்கிறது. கவிழ்த்த மீன்கூடையின் மேல் கேடயம் இருக்கிறது. அதன் கண்ணாடியில் பட்ட வெயில் கூட்டுக் கூரையில் வெள்ளையாக நடுங்குகிறது. சின்னக் கண் வலைகள் குஞ்சு மீன்களையும் வாரி வாவியை வெறுமையாக்குகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதை வைத்தே போன மாதம் அந்த வலைகளுக்குத் தடை வந்தது. அவள் முதலில் அளந்தது இந்த வலையைத்தான். அன்று அவர்தான் வெயிலில் குந்தியிருந்து, கண் கண்ணாக விரித்துக் காட்டினார். “நீ அண்டைக்கு அளந்த பக்கம் இதுதானே, புள்ள?” என்கிறார். “ஓம் அப்பா.” “இறுக்கிப் பிடி.” இறுக்கிப் பிடிக்கிறாள். நூல் விரலில் பதிகிறது, வலிப்பதாகத் தெரியவில்லை. கரையில் வள்ளம் கட்டையில் மெல்ல இடிபட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கோழி வலைக்குள் அலகை நுழைக்கப் பார்க்கிறது, நுழையவில்லை.

குசினியிலிருந்து அம்மா போனோடு வருகிறார். கேடயத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மகளின் கக்கத்தில் செருகுகிறார். “ரெண்டு பேரும் இஞ்சால பாருங்க, ஒரு படம் எடுப்பம்.” வினாயகமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறார். “படத்துல வலை வராம எடு” என்கிறார். அம்மா முன்னுக்கு வருகிறார். இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வருகிறார். வலை இருவர் கையிலும் இருக்கிறது.