கேட்கச் சொல்லும் ஓட்டு

ஓட்டை எல்லார் முன்னும் வாயால் சொல்வதற்காகச் சந்தைத்திடலில் போட்ட தேர்தல் மேடைமேல் தூறல் விழுகிறது. குத்தகை விவசாயி ஜேபஸ் அதில் ஏறி, தொப்பியைக் கசக்கியபடி நிற்கிறான். எதிரே குதிரைமேல், நிலத்துக்குச் சொந்தக்காரரான ஹாரோபி பிரபுவின் காரியஸ்தர். பாட்டன், அப்பன் என்று ஹாரோபி வீட்டார்தான் இந்த மாவட்டத்துக்கு எப்போதும் பாராளுமன்ற உறுப்பினர்கள். இப்போது மகன் நிற்கிறான். போன தேர்தலில் எதிராளி பெயரைச் சொன்ன மச்சான், நிலமும் வீடும் பறிபோய்க் குளிரில் செத்தான். அவன் மனைவி கெசியா, ஜேபஸின் அக்கா, கூட்டத்தில் நின்று தம்பியின் வாயையே பார்க்கிறாள். “யாருக்குய்யா ஓட்டு? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு!” என்கிறார் எழுத்தர். “ஹாரோபி.” காரியஸ்தர் காதருகே கையைக் குவிக்கிறார். ஜேபஸ் மறுபடி, கத்திச் சொல்கிறான். இறங்கி வந்தவனின் நனைந்த கழுத்துத்துணியைக் கெசியா இழுத்துச் சரிசெய்கிறாள். “மழை வலுக்குதுடா, வீட்டுக்குப் போ. உனக்குத்தான் வீடு இருக்கே.”