டிசம்பர் மார்க்

“கோழை! எனக்குன்னு வந்து பொறந்திருக்கான் பாரு ஒரு கோழை!”

கார்லண்ட் ப்ரூயிட் மேஜையில் குத்திய குத்தில் குழம்புக் கிண்ணம் துள்ளி விழுந்து, விரிப்பெல்லாம் பழுப்பாகப் பரவியது. நோரீன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கணவர் கொட்டுவதும் அவள் துடைப்பதும் அந்த வீட்டில் புதிதல்ல.

கார்லண்ட் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல். இருபத்திரண்டு வருட ராணுவ சேவையில் அவர் கட்டிக் காத்தது எல்லையை அல்ல, கிடங்கை. காலுறை, கம்பளி, டின்னில் அடைத்த பீன்ஸ். அதற்குக் கிடைத்த பதக்கங்களை ஞாயிறுதோறும் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். அந்தத் தொட்டியில் அப்புறம் காய்கறி கழுவவே நோரீனுக்குக் குமட்டும்.

“ஆகஸ்ட் மார்க்கையே அனுப்பிடலாம் சார்,” என்றான் மகன் டோபின். அந்த வீட்டில் ‘அப்பா’ என்ற சொல் புழக்கத்தில் இல்லை.

ராணுவ அகாடமிக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். அதற்குக் கேட்கும் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், எந்த முறை வாங்கியதை அனுப்புவது என்பது நம் இஷ்டம். கர்னல் மடிக்கணினியை இறைச்சித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து, மகனுடைய மதிப்பெண்களை இன்றைக்குத்தான் திரையில் காட்டியிருந்தார். கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும். எல்லாமே அவரிடம்தான் இருக்கும்.

“ஆகஸ்ட்ல எவ்வளவு? ஆயிரத்து நூத்தி எழுபது! அதை வச்சுக்கிட்டுப் போனா அகாடமி வாசல்ல புல்லு வெட்டக்கூட விடமாட்டான். டிசம்பர்ல ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு இருக்கு. அதை மறைக்கணும்கிறான் இந்த மேதாவி!”

“அதில்ல சார், டிசம்பர்ல நான்…”

“குறுக்கே பேசாதே! உன் அடக்கத்தையெல்லாம் சர்ச்சுல போய்க் காட்டு. அகாடமியோட முதல் சத்தியம் என்ன? சொல்லு!”

“பொய் சொல்லமாட்டேன் சார். ஏமாத்தமாட்டேன். திருடமாட்டேன்.”

“சத்தமா!”

டோபின் சத்தமாகச் சொன்னான். கர்னல் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார், பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் மாதிரி. மீசையில் ஒரு பட்டாணி ஒட்டிக்கொண்டிருந்தது.

நோரீன் துடைத்துக்கொண்டே கேட்டாள். “டிசம்பர்ல எப்ப எழுதினான்? எனக்கு ஞாபகமே இல்லையே.”

“முதல் சனிக்கிழமை. நாடு முழுக்க அன்னிக்குத்தான். உனக்கு என்னதான் ஞாபகம் இருந்திருக்கு?”

அவள் கை அப்படியே நின்றது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. பொழுது விடியும்போதே காரில் ஏறி, டோபினை டொலிடோவுக்கு மல்யுத்தப் போட்டிக்குக் கூட்டிப்போனது அவள்தான். முதுகுவலி என்று கர்னல் வீட்டிலேயே இருந்துவிட்டார். மூன்றாவது சுற்றில் பையனுக்கு மூக்கு உடைந்தது. சாயங்காலம் வரை வியர்வை நாற்றமடிக்கும் அந்த அரங்கில் அவன் மூக்கில் பனிக்கட்டி வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படியானால் பரீட்சை எழுதியது யார்?

அவள் மகனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். வாயில் வைத்த இறைச்சித் துண்டு அவளுக்குத் திடீரென்று செத்த எலி மாதிரி இருந்தது. கைக்குட்டையில் துப்பினாள். ஆள் வைத்துப் பரீட்சை எழுதிவிட்டு, சத்தியத்தையும் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறான்! இவனையா பத்து மாதம் சுமந்தோம்?

“மாடிக்குப் போ. நாளைக்குப் போட்டோ எடுக்கணும், ஷூவுக்குப் பாலிஷ் போடு,” என்றார் கர்னல்.

படியேறுமுன் டோபின் அவள் பக்கத்தில் வந்து நின்றான். “அம்மா, நான்…”

“போடா,” என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவன் போய்விட்டான். கர்னல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, டிசம்பர் மதிப்பெண்ணுக்கு நேரே இருந்த கட்டத்தைத் தேடினார்.

நோரீன் துணியைக் கீழே வைத்தாள். கோல்ஃபில் ஒரு அடியைக் கணக்கில் சொல்லாமல் விட்டதற்காகக் கூடப்பிறந்த தம்பியோடு மூன்று வருடம் பேசாத மனிதர் இவர். உண்மை தெரிந்தால் பையனை இந்தக் குளிரில் கட்டிய துணியோடு வெளியே தள்ளுவார். தெரியாமல் விட்டால் என்றைக்காவது அகாடமியே கண்டுபிடிக்கும், கையில் விலங்கோடு அனுப்பிவைக்கும். வீட்டை விட்டுப் போவது பரவாயில்லை, ஜெயிலுக்கு அல்லவா போவான்!

“கார்லண்ட், அதை அனுப்பாதே.”

“ஏன், நீயும் கோழையாயிட்டியா?”

“அன்னிக்கு அவன் பரீட்சைக்கே போகல. நாள் முழுக்க டொலிடோவுல என்கூடத்தான் இருந்தான். அவன் பேர்ல வேற எவனோ போய் எழுதியிருக்கான்!”

கர்னல் எழுந்தார். நோரீன் நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் மாடிப்படி வரை போய் அண்ணாந்து பார்த்தார். கதவைச் சாத்தினார். கதவு என்றால் அறைவதற்குத்தான் என்று வாழ்ந்த மனிதர், பூப்போலச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து டிசம்பரை அழுத்தினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை பச்சையாக மின்னியது.

“கத்தாதே, பையன் காதுல விழப்போகுது,” என்றார். “அவன் எழுதியிருந்தா இந்த மார்க் வந்திருக்குமா?”