தையல்காரம்மாவின் கார்

"நீங்க பார்த்துச் சொல்ல வேண்டாம் தம்பி. அந்தக் குச்சியை என் கையில குடுங்க" என்றாள் தையல்காரம்மா.

மெக்கானிக், ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அவள் அதை இன்ஜினுக்குள் விட்டு, வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஆயில் நின்றது. தலையாட்டிக்கொண்டாள்.

அது அவள் கணவர் ஓட்டிய கார். அவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், எலி குடித்தனம் நடத்த, சும்மா கிடந்தது. பழைய இரும்புக்குப் போடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பட்டறைக்கு இழுத்து வரச் செய்திருந்தாள். லைசென்ஸ் இருந்தது. அவர் இருந்த காலத்தில் ஓட்டியும் இருக்கிறாள். ஆனால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வண்டிக்கு என்ன வந்தாலும் தானே பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு, சாயங்காலங்களில் பட்டறைக்கு வந்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிப் பழகிய கை. சொன்னது சட்டென்று பிடிபட்டது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. மழையில் உள்பக்கம் கண்ணாடி மங்கினால் காற்றை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். டயர் மாற்றும்போதுதான் திணறினாள். நட்டு அசைய மறுத்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பானரின் மேல் ஏறியே நின்றுவிட்டாள். நட்டு கிறீச்சென்று இளகியது.

"எதுக்கும்மா இந்தப் பாடு? வழியில நின்னா ஒரு போன் போடுங்க, நான் வரேன்" என்றார் மெக்கானிக்.

"வண்டி எந்த ஊர்ல, எந்த ரோட்டுல நிக்குதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது தம்பி. உங்களுக்கும்தான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த முறை அவள் ஓர் இளம்பெண்ணை உடன் அழைத்து வந்தபோது புரிந்தது. அந்தப் பெண்ணின் இடது கையில் மாவுக்கட்டு. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, வாசலில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

அவள் முகம் கழுவப் போன சமயம், கை எப்படி முறிந்தது என்று மெக்கானிக் தணிந்த குரலில் கேட்டார். புருஷன் மாடிப்படியில் தள்ளிவிட்டான் என்றாள் தையல்காரம்மா. இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு முறையும் அழுவான், காலில் விழுவான், கொஞ்ச நாள் தங்கமாக இருப்பான். சொந்தக்காரர்கள் அனுசரித்துப் போகச் சொல்லிக் கைகழுவிவிட்டார்கள். தொலைவில் ஓர் ஊரில் தன்னுடைய பழைய சிநேகிதி தையல்கூடம் நடத்துகிறாள். அங்கே வேலையும் உண்டு, தங்க ஓர் அறையும் உண்டு.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு, "என் பொண்ணா இருந்தா நானும் இதைத்தான் செய்வேன்மா" என்றார்.

தையல்காரம்மா காரின் பின் கதவைச் சாத்திப் பார்த்தாள். பின் கதவுகளின் பூட்டு சரியாக விழவில்லை, அதையும் பார்த்துக் கொடுங்கள் என்றாள்.

புறப்படுவதென்று வைத்திருந்த நாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பிப் போனதும், தையல்காரம்மா பட்டறையிலிருந்து காரை எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். அந்தப் பெண் ஒற்றைப் பையோடு தயாராக நின்றாள். பின் சீட்டில் ஏறி, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள்.

"எனக்கும்தான் கண்ணு. பெல்ட்டைப் போடு."

சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். மறுபடியும் 'டிக்'.

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ காதில் போனை வைத்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா இறங்கி பானெட்டைத் திறந்தாள். பேட்டரியில் மாட்டியிருந்த ஒயரைத் தொட்டதும் அது லொடலொடவென்று ஆடியது. ஸ்பானரை எடுத்தாள்.

"அம்மா, பைக் வருது."

தெருமுனையில் அவன்தான். தையல்காரம்மாவுக்கும் கேட்டது. ஆனாலும் பாதியில் விடவில்லை. நட்டு இனி நகராது என்னும் வரை முறுக்கினாள். பானெட்டை அறைந்து மூடி, உள்ளே ஏறிக் கதவைப் பூட்டி, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவன் பைக்கை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பின் கதவை இழுத்துப் பார்த்தான், திறக்கவில்லை. உள்ளே அந்தப் பெண் கட்டுப்போட்ட கையை அணைத்துக்கொண்டு சீட்டின் மறுகோடிக்கு ஒதுங்கினாள். அவன் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினான். தையல்காரம்மா அதை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினாள்.

அவன் அழுதான். "நேத்து வந்தவளுக்காகப் பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போறியாம்மா?"

அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். "உன்னைப் பெத்ததாலதான்டா இந்த வண்டிய நான் ஓட்டறேன்."