சிங்கத்தின் முதுகுப் பக்கம்

ஒக்கினாவாவின் அந்த ஊருக்குள் தீ வராமல் காக்க மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கல்சிங்கத்தின் உடம்பெல்லாம் போர்க்காலக் குண்டுத் தழும்புகள். அன்று சிறுமி சுரு அதன் முதுகுக்குப் பின்னால்தான் ஒண்டியிருந்தாள். குண்டுமழையில் ஓடிவந்த தோழி மகடோவை, "இங்க இடமில்ல, போடி!" என்று விரட்டினாள். இடம் இருந்தது. மகடோ பிழைக்கவில்லை.

கிழவியான பின்னும் சுரு வருடா வருடம் வந்து சாராயம் ஊற்றி, சிங்கத்திடம் மன்னிப்புக் கேட்பாள். இந்த முறை மகள் மித்சுகோவும் வந்தாள்.

"சிங்கத்துக்குச் சாராயம், எனக்கு வெயிலாம்மா?"

சுரு சிங்கத்தின் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்தாள். "வாடி, இன்னொரு ஆளுக்கு இடமிருக்கு."

"எங்க இருக்கு?" மகள் சுருவுக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக் குனிந்து சிரித்தாள். "பாப்பா, நீ கொஞ்சம் தள்ளிக்கோம்மா."

சுருவின் தோளோடு யாரோ இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.