அங்கம்மாவின் மூக்கு

காளியப்பனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கோத்தகிரியில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மருந்துக் கஞ்சா நட்ட எஸ்டேட்டில் அவனுக்கு வேலை. விடிந்ததும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பனியை உலுக்கிவிட வேண்டும். அடர்ந்த பூவில் ஈரம் தங்கினால் உள்ளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

"மாமா, அந்தக் குட்டைச் செடியில வாடை வருது. பிரிச்சுப் பாரு."

காதுக்கருவியில் அங்கம்மா, அவன் பெண்டாட்டி. அவள் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உயிரோடு இருக்கும்போதே, பூஞ்சை வாடையை மோப்பம் பிடிக்கும் அவள் மூக்கையும் குரலையும் எஸ்டேட்காரர்கள் இயந்திரத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

பிரித்தான். பூவின் நடுவே சாம்பல் பூத்திருந்தது.

"நான் சொல்லி நீ எப்பத்தான் நம்புன?" என்று சிரித்தாள்.

கருமாதிக்கு நாள் கேட்டபோது பூசாரி கையை விரித்துவிட்டார். "பேசிக்கிட்டு இருக்கறவளுக்கு எப்படிப்பா பிண்டம் வைக்கறது?"

குரலை நிறுத்தச் சொல்லி மேஸ்திரியிடம் கெஞ்சினான். "நீ வேணா வேலையை விட்டு நின்னுக்க. அவ இல்லாட்டி தோட்டமே அழுகிரும்" என்றான் மேஸ்திரி.

வேலை முடிந்ததும், உயிரோடு இருந்தபோது சொல்வதுபோலவே அவள் சொன்னாள்: "முன்னால போயி சுடுதண்ணி வை மாமா. வந்துடறேன்."

போய் வைத்தான். ஆறியதும் கொட்டினான். அங்கம்மாவுக்குச் செய்ய வேண்டிய கருமாதி இன்னும் பாக்கி.